மீனெறி தூண்டிலார் கண்ட உவமை

சங்கப் புலவர் சிலருக்கு அவர்தம் பாட்டில் அமைந்த தொடரே பெயராய் நிலைத்தது. செம்புலப் பெயனீரார் என்னும் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். அவ்வாறே குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவர் மீனெறி தூண்டிலார் எனப்பட்டார். இயற்பெயர் மறைந்துபோக, ஓர் உவமையே அவரைக் காத்து நிற்கிறது. ஆயினும் அவ்வுவமை வகுப்பறையில் பெறவேண்டிய கவனத்தைப் பெறுவதில்லை.

பாடல் ஐந்தே அடிகளால் ஆனது. தான் இங்கே இருப்பதாகவும், தன் நலனோ தலைவனோடு அங்கேயே ஒழிந்ததாகவும் தலைவி தோழியிடம் கூறுகிறாள். இவ்விரு கூற்றுக்கும் நடுவே தலைவனது கானகம் விரிகிறது. தினைப்புனம் காப்போர் கவண் வீசுகின்றனர். அவ்வொலிக்கு வெருவிய காட்டுயானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைக் கைவிடுகிறது. மூங்கில் மீனெறி தூண்டில்போல் மேலெழுகிறது.

உவமத் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என வகுத்தார் தொல்காப்பியர். இப்பாடலில் அமைந்தது வினையுவமம் என்றும், விரைந்தெழுதலே பொதுத்தன்மை என்றும் கூறி முடித்துவிடுதல் எளிது. அவ்விடை தவறன்று, தேர்வுக்குப் போதும். பாட்டுக்குப் போதாது.

எறிதல் என்றவுடன் மாணவர் தூண்டிலை நீரில் வீசுவதையே எண்ணக்கூடும். மேலைநாட்டார் இளவேனில் தொடக்கத்தில் குளிர்ந்த ஆறுகளில் போலி ஈயைக் கட்டி வீசி டிரவுட் மீனைப் பிடிப்பர். ஆங்கிலேயர் அம்மீனை நீலகிரிக்கும் கொண்டுவந்தனர். (வெதுவெதுப்பான லங்காட் ஆற்றில் அது ஒருநாளும் பிழையாது.) அங்கே சிறப்பெல்லாம் கயிற்றை எறியும் கைத்திறத்தில் உள்ளது. நம் புலவர் காட்டும் தூண்டிலோ தாழ்வதன்று, நிவப்பது. எறியப்படுவது மீன்.

டெங்கிலில் லங்காட் ஆற்றங்கரையிலோ பழைய ஈயக்குட்டையின் ஓரத்திலோ மூங்கிற்கழியில் நரம்பு கட்டி, கெளுத்திக்கும் விராலுக்கும் காத்திருந்த சிறுவனுக்கு இது விளக்காமலே விளங்கும். மீன் நீருக்குள் இழுக்கும்வரை கழி வளைந்தே நிற்கும். அது வெடுக்கென மேலெழுவது, மீன் நீரைவிட்டுக் கரைநோக்கிப் பறக்கும்போது. அன்றேல் முள்ளைவிட்டு நழுவும்போது. எவ்வாறாயினும் அது ஒரு பிரிவின் கணம்.

இனி உள்ளுறையை நோக்குவோம். யானை மூங்கிலைத் தின்று நிறைந்து விட்டதன்று, அஞ்சி விட்டது. தலைவனும் காவலுக்கும் அலருக்கும் அஞ்சி அகன்றான் எனக் கொள்ளுதல் பொருத்தமே. அவ்வாறாயின் மூங்கில் தலைவியாகும். ஆனால் கைவிடப்பட்ட மூங்கில் பழைய நிலைக்கு மீண்டுவிடுகிறது, தலைவி மீளவில்லை. யானையையும் மூங்கிலையும் மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. குறிஞ்சிக் காட்சியில், நீரே இல்லாத இடத்தில், புலவர் ஒரு மீனைக் கொண்டுவந்தது இதற்காகவே எனலாம். மூங்கிலுக்கு நேர்ந்தது ஒரு வளைவு. மீனுக்கு நேர்ந்ததோ தன் நீரை இழத்தல். புறத்தே நிமிர்ந்து நிற்கும் தலைவியைத்தான் ஊர் காணும். அவளிடமிருந்து பறிபோன நலனை அவள் மட்டுமே அறிவாள்.

பாட்டின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. முதலடியில் தலைவி ஈண்டு இருக்கிறாள். ஈற்றடியில் அவள் நலன் ஆண்டு ஒழிகிறது. நான்காம் அடியில் மீன், இரண்டுக்கும் நடுவே, அந்தரத்தில் துள்ளுகிறது.