பார்ப்பதும் பங்கேற்பதும்

கோடை பிறந்தால் பெருநகரங்களில் விழாக்களும் பிறந்துவிடுகின்றன. பொருட்காட்சி, கடற்கரைக் கச்சேரி, மலர்க் கண்காட்சி எனப் பட்டியல் நீள்கிறது. நம் குடும்பங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்படுகின்றன. அதில் குறையில்லை. ஆனால், அங்கே பிள்ளை செய்வதென்ன? சீட்டு வாங்குகிறது, பார்க்கிறது, திரும்புகிறது.

காரைக்கால் மாங்கனித் திருவிழாவை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆனி முழுமதியையொட்டி வரும் அவ்விழாவில் வீதியே மேடை. வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கிறார்கள். கீழே நிற்போர் கையேந்திப் பிடிக்கிறார்கள். அது சைவர்களின் விழா; நம் வழிபாடன்று. ஆயினும், நல்ல விழாவின் இலக்கணம் அதிலே உண்டு: கொடுப்பவரும் பெறுபவரும் மக்களே. நாகையிலிருந்து நாகூருக்கு வீதிவழி வரும் கந்தூரிக் கொடி ஊர்வலமும் இவ்விலக்கணத்துள் அடங்கும். பிறைக் கணக்கில் வருவதால் அது கோடைக்கு மட்டும் உரியதன்று; எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

பட்டினச்சேரிக் கரை சொல்வது வேறொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நகரத்தார் கடலை நாடிவரும் அதே கோடையில், இக்கரையோரத்து விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கின்றன. மீனினம் பெருகட்டும் என்று மீனவர் தம் வருவாயை விட்டுக்கொடுக்கும் காலம் அது. நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பொறுமை. இதை அறியாமல் நடக்கும் கடற்கரை விழா எத்துணை ஒளிவிளக்கு ஏற்றினும் குறையுடையதே.

அலையைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கரையில் வலை செப்பனிடும் கைகளையும் காட்டுங்கள். அங்கேதான் வேடிக்கை முடிந்து பண்பாடு தொடங்குகிறது.