எம்டன்: ஒரு துண்டும் ஒரு சொல்லும்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் எம்டன் கப்பல் வீசிய குண்டின் துண்டு ஒன்று இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். துண்டைப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. தேதி சொல்ல ஒரு லேபிள் தேவைப்படுகிறது.

அதே வருஷம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை முறியடித்தது. எம்டனின் பீரங்கி ஒன்றை 1917இல் சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் நிறுத்தினார்கள். அங்கே அது வெற்றிச் சின்னம். நம்மிடம் இருப்பது வாங்கிய அடியின் சாட்சி. இவ்வளவும் அருங்காட்சியகத்தின் கணக்கு.

இந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. ராயபுரத்தில் என் வங்கிக் கவுண்ட்டர் முன் நின்ற கிழவி ஒருத்தி தன் மருமகளைப் பற்றி, "அவ சரியான எம்டன்" என்றாள். அதில் வசையும் இருந்தது, மெச்சலும் இருந்தது. கப்பலைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஊரை விரட்டிய பயம் சாமர்த்தியத்துக்குப் பெயராகிவிட்டது. இதை யாரும் சேகரித்து வைக்கவில்லை, புழங்கியதால் மிஞ்சியது.

நம் புதுக்கவிதைகளிலும் இந்தக் கடற்கரை வருகிறது. கிரேன், வலை, தார் வாடை, எண்ணூர்ப் புகை. ஒவ்வொன்றும் லேபிளோடு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பொருளின் பெயரைச் சொன்னால் அனுபவம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. நானே சில மதிப்புரைகளில் இதை யதார்த்தம் என்று பாராட்டியிருக்கிறேன். அந்தப் பாராட்டை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் பேச்சுவழக்கை அள்ளிப் போட்டால் தீர்ந்தது என்பதும் இல்லை. மருமகளுக்குப் பட்டமாகிவிட்ட எம்டனில், அன்றிரவு துறைமுகத்தில் செத்தவர்கள் இல்லை. அவர்களை மறந்த பிறகுதான் சொல் இவ்வளவு லகுவாகப் புழங்குகிறது. இரும்புத் துண்டு அவர்களை மறக்கவில்லை, ஆனால் அதனால் பேச முடியாது.

கிழவியின் சொல்லில் இரும்பின் கனத்தையும் ஏற்றுகிற ஒரு வரி வேண்டும். வடசென்னையைப் பற்றி அப்படி ஒரு வரியை நான் இன்னும் படிக்கவில்லை.