குமிழில் வேகம்

பெல்ட்டைப் புல்லிக்குப் புல்லி மாற்றியே பழகியவர்களுக்கு, பழைய லேத்தில் விஎஃப்டி டிரைவ் என்பது பெரிய சொகுசு. ஃபேசிங் ஓட்டும்போது அது நன்றாகத் தெரியும். 100 மி.மீ. விட்டத்தில் 300 சுற்றில் தொடங்கிய டூல், பாதி விட்டத்துக்கு வரும்போது வெட்டு வேகமும் பாதியாகிவிடும். குமிழை மெல்லத் திருகி 600 ஆக்கினால் பளபளப்பு மாறாமல் வரும். ஜாப் அதிர்ந்து கத்தினாலும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால், டிரைவ் வந்துவிட்டதே என்று பேக் கியரைக் கழற்றிப் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. 50 ஹெர்ட்ஸில் 1,440 சுற்று ஓடும் மோட்டாரை 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் முறுக்குவிசை கூடாது. பழைய அளவு நின்றாலே பெரிது. திறன் ஐந்தில் ஒன்றாகிவிடும். பின்பக்க விசிறியும் கூடவே மந்தமாகச் சுற்றுவதால் மோட்டார் சூடேறும். கியரோ வேகத்தைக் குறைத்த அளவுக்கு விசையைக் கூட்டித் தரும்.

வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைன் என்றால், சாதாரண டிரைவ் உள்ளே வரும் 230 வோல்ட்டைத்தான் மூன்று ஃபேஸாக்கித் தரும். 415 வோல்ட் ஸ்டார் மோட்டாரின் ஆறு முனைகளும் வெளியே இருந்தால் டெல்டாவாக்கி ஓட்டலாம்.

பிரேக் ரெசிஸ்டரையும் கேட்டு வாங்குங்கள். கனமான சக்கைச் சட்டென நிறுத்தினால் அதன் ஆற்றல் டிரைவுக்குள் திரும்பிப் பாயும். ஓவர்வோல்டேஜ் என்று காட்டி டிரைவ் டிரிப் ஆகும். மரையில் ஏற்றிய சக் என்றால் பிரேக்கில் அவசரமே கூடாது. ஸ்பிண்டில் நின்றாலும் சக் சுற்றிக்கொண்டே கழன்று வந்துவிடும்.