வீட்டார் கூடிப் படித்த கடிதங்கள்

1843 வாக்கில், எழுபது வயதை எட்டியிருந்த கசாண்ட்ரா ஆஸ்டின், தங்கை ஜேன் தனக்கு எழுதிய கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றை எரித்தார். சிலவற்றில் சில வரிகளை மட்டும் கத்தரித்து எடுத்தார். மிச்சத்தை உடன்பிறந்தாரின் பெண்மக்களுக்கு விட்டுச் சென்றார். ஜேன் ஆஸ்டினின் கடிதங்களில் சுமார் 160 மட்டுமே இன்று கிடைப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பெரிய இழப்புதான். ஆனாலும் கசாண்ட்ராவைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயருடைய நான்கு மன்னர்கள் ஆண்ட இங்கிலாந்தில், நிலபுலன் உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு வரும் கடிதம் அவளுக்கு மட்டும் உரியதல்ல. அதைக் கூடத்தில் வாய்விட்டுப் படித்தார்கள். அண்ணி கைக்கும் அத்தை கைக்கும் போனது. பிடித்த பகுதிகளைப் படியெடுத்து வேறொரு உறவினருக்கு அனுப்பினார்கள். எந்த வரியை உரக்கப் படிப்பது, எதைத் தாண்டிப் போவது என்பது பெறுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கசாண்ட்ரா வாழ்நாள் முழுக்கச் செய்துவந்ததைத்தான் முதுமையில் கத்தரியாலும் தீயாலும் செய்து முடித்தார்.

அஞ்சல் முறையும் கடிதத்தைக் குடும்பப் பொதுவாக்கியது. தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம். அதைக் கட்ட வேண்டியவர் பெரும்பாலும் பெறுபவர். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்பதால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதினார்கள். தாள் நிரம்பியபின் அதையே பக்கவாட்டில் திருப்பி, முன்பு எழுதிய வரிகளுக்குக் குறுக்காக எழுதியவர்கள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் கையொப்பமிட்ட கடிதத்துக்குக் கட்டணமில்லை. உறவில் ஓர் உறுப்பினர் இருந்தால் அது பெரிய வசதி. 1784-இல் விரைவு அஞ்சல் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1840-இல்தான் ஒரு பென்னிக் கட்டணம் வந்தது. காசு கொடுத்து வாங்கும் தாளில் வீட்டில் எல்லாருக்கும் ஒரு சேதியாவது இருக்க வேண்டாமா?

அதனால்தான் இக்கடிதங்களில் துணியின் விலை, வேலைக்காரி மாற்றம், பிள்ளைப்பேறு, காய்ச்சல் எல்லாம் மூச்சுவிடாமல் அடுத்தடுத்து வருகின்றன. அற்ப விஷயங்கள் என்று முந்தைய விமர்சகர்கள் பலர் இவற்றை ஒதுக்கினார்கள். 1808 அக்டோபர் மாதக் கடிதங்களைப் படித்தால் அது எவ்வளவு தவறான தீர்ப்பு என்று புரியும். ஆஸ்டின் சகோதரிகளின் அண்ணி எலிசபெத் பதினோராவது குழந்தையைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். கசாண்ட்ரா அந்த வீட்டில் துணையாக இருந்தார். வின்செஸ்டர் பள்ளியில் படித்த எலிசபெத்தின் இரண்டு பையன்கள் சவுத்தாம்ப்டனில் இருந்த அத்தை ஜேனிடம் வந்தார்கள். துக்க உடை என்ன துணியில் தைப்பது, பையன்களுக்குக் கறுப்புக் காற்சட்டை தேவைதானா, காகிதக் கப்பல் விட்டும் விடுகதை போட்டும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போயும் அவர்கள் நேரத்தை எப்படிப் போக்கினோம் என்று ஜேன் அக்காவுக்கு எழுதுகிறார். ஆறுதல் சொல்லும் வாசகங்கள் குறைவுதான். தாயிழந்த வீட்டை இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு பெண்கள் தாங்கிப்பிடிக்கும் வேலை அந்தத் தாள்களில்தான் நடக்கிறது.

நாவலாசிரியர் ஃபேனி பர்னி 1812-இல் பாரீசிலிருந்து அக்கா எஸ்தருக்கு எழுதியது இந்தக் காலத்தின் மிகத் துணிச்சலான கடிதம் என்று தயங்காமல் சொல்லலாம். 1811 செப்டம்பர் 30 அன்று, மயக்கமருந்து என்பதே இல்லாத காலத்தில், அவருக்கு மார்பக அறுவை நடந்தது. செய்தவர்களில் நெப்போலியனின் படை மருத்துவர் லாரேயும் இருந்தார். அதை எழுதி முடிக்கப் பர்னிக்கு மாதக்கணக்கில் ஆனது. வேறு யார் வாய் வழியாகவோ வீட்டாருக்குச் சேதி போய்ச் சேரக் கூடாது என்பதும், அக்காவும் பெண்பிள்ளைகளும் தன்னைப்போல் நாள் கடத்திவிடக் கூடாது என்பதும் அவர் நோக்கங்கள். குடும்பம் முழுதும் படிக்கும் என்று தெரிந்தே தன் உடம்பின் வேதனையை ஒளிவில்லாமல் எழுதினார்.

மேரி டெலனிக்கு அந்த வழி கிடைக்கவில்லை. 1718-இல், பதினேழு வயதில், குடும்பத்தார் நெருக்கியதால் ஏறக்குறைய அறுபது வயதானவரை மணந்தார். தங்கை ஆனுக்குப் பல ஆண்டுகள் எழுதியவர், அந்தத் திருமணக் கதையை முழுதாகச் சொன்னது தோழி போர்ட்லண்ட் சீமாட்டிக்கு, 1740-இல், எல்லாருக்கும் மாற்றுப்பெயர் சூட்டி. உறவைப் பற்றிய உண்மையைச் சொல்ல நட்பு தேவைப்பட்டிருக்கிறது. கேதரின் டால்பட், எலிசபெத் கார்ட்டர் ஆகியோரின் நட்போ ஒரு நூலையே உண்டாக்கியது. டால்பட்டின் வேண்டுகோளால் கார்ட்டர் கிரேக்க ஞானி எபிக்டெட்டஸை மொழிபெயர்த்தார். தாள்கள் தவணை தவணையாக அஞ்சலில் போய்வந்து, 1758-இல் நூலாயின.

இந்தக் குடும்ப வலைக்குத் தமிழ்க் கடற்கரையிலும் ஒரு முடிச்சு உண்டு. ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா 1752-இல் மாப்பிள்ளை தேடிச் சென்னைக்குக் கப்பலேறி வந்தவர். மறு ஆண்டு கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஹான்காக்கை மணந்தார். கல்கத்தாவில் பிறந்த அவர் மகள் எலைசா, பிற்காலத்தில் பாரீசிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுப் பெண் ஒருத்திக்குப் பல ஆண்டுகள் எழுதினார். மகனின் நோயும், பிரெஞ்சுக் கணவர் 1794-இல் கில்லட்டினில் கொல்லப்பட்ட காலமும் அந்தக் கடிதப் போக்குவரத்துக்குள் அடங்கும்.

இவற்றை முதலில் அச்சேற்றியவர்களும் வீட்டாரே. கார்ட்டர், அவர் தோழி எலிசபெத் மாண்டகு இருவரின் கடிதங்களையும் அவரவர் உடன்பிறந்தாரின் மகன்கள் வெளியிட்டார்கள். டெலனியுடையதை 1861-62-இல் தங்கையின் கொள்ளுப்பேத்தி லானோவர் சீமாட்டி ஆறு தொகுதிகளாக்கினார். குடும்பப் பெயருக்குப் பொருந்தாதது எங்கே கத்தரிபட்டிருக்கும் என்ற கேள்வியோடு இவற்றைப் படிக்க வேண்டும். பர்னி தாமே மையால் மூடிய வரிகளை ஆய்வாளர் ஜாய்ஸ் ஹெம்லோவின் குழுவினர் பாடுபட்டு மீட்டார்கள். 1998-இல் வரலாற்றாசிரியர் அமாண்டா விக்கரி, புகழ் எதுவுமில்லாத லங்காஷயர் பெண்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு எழுதிய நூல், பெண்ணுலகம் வீட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது என்ற கருத்தையே அசைத்தது. மாண்டகுவின் சுமார் 8,000 கடிதங்கள் இப்போது இணையப் பதிப்பாக வந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் குடும்பம் காத்த பெட்டியில் குடும்பமே நிறைந்திருக்கும். ஆன் ஷார்ப், ஜேனின் அண்ணன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை. ஜேன் அவருக்கு 'எம்மா' நாவலின் படி ஒன்றை அனுப்பச் செய்தார்; 1817 மே மாதம், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, நீண்ட கடிதமும் எழுதினார். சம்பளத்துக்கு வேலை பார்த்த பெண்ணோடு இவ்வளவு நெருக்கம் அன்று எளிதில் அமைவதல்ல. ஷார்ப் பிறகு லிவர்பூலுக்கு அருகே எவர்ட்டனில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி 1853-இல் இறந்தார். அவரைப்போன்ற தோழியரின் தாள்களைக் காத்து அச்சேற்றக் கொள்ளுப்பேத்திகள் இல்லை. பள்ளிக் கணக்குகள், உயில்கள், ஏல விற்பனைப் பட்டியல்கள் வழியாக அவர்களைத் தேடுவதில்தான் இனி கடித ஆய்வாளர்களின் உழைப்பு செல்ல வேண்டும்.