கோப்பெருந்தேவியின் சிலம்பு

சென்ற கோடையில் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். பதினேழு வயது. 'ஜியோகேச்சிங்' என்ற விளையாட்டு அவன் மூலமாகத்தான் எனக்குப் பரிச்சயமாயிற்று. ஒருவன் ஒரு டப்பாவை எங்கோ மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை மட்டும் வெளியிடுகிறான். மற்றவர்கள் செயற்கைக்கோள் காட்டும் வழியில் போய்த் தேடுகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்திட வேண்டும். உள்ளிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடாகவோ மேலாகவோ ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே 2ஆம் தேதி, பொதுமக்களுக்கான செயற்கைக்கோள் குறிப்புகளில் தான் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிற்று. மறுநாளே ஆரெகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரத்தில் வைத்தார். உள்ளே புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். இவ்வளவுதான் ஆரம்பம்.

பையன் அங்கே ஆடிய ஆட்டம் ஒரு நிஜக் குற்றத்தை வைத்துப் பின்னியது. 1971 நவம்பர் 24 அன்று, டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கிய ஒருவன் விமானத்தைக் கடத்தி, இரண்டு லட்சம் டாலர் பெற்று, இரவில் பாராசூட்டோடு குதித்து மறைந்தான். 1980இல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் அந்தப் பணத்தில் 5,800 டாலரைக் கண்டெடுத்தான். மீதி இல்லை, ஆளும் இல்லை. 2016இல் எஃப்.பி.ஐ. தேடுவதை நிறுத்திக்கொண்டது. தேட வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. பயணிகளில் ஒருவருக்கும் காயம்கூட இல்லாத குற்றம் அது. விளையாடலாம்.

"மதுரையில அப்படி ஒரு கேஸ் இல்லையா மாமா?" என்றான்.

இருக்கிறது, ரொம்பப் பழைய கேஸ் என்றேன். அரண்மனை நகை ஒன்று களவு போய், வெளியூர்க்காரன் ஒருவன் வெட்டப்பட்டு, ஊர் எரிந்த கேஸ். நிஜமாக நடந்ததா என்று கேட்டான். பதிகத்தின்படி சாத்தனார் வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் படுத்திருந்தபோது மதுராபதித் தெய்வம் பேசியதைத் தன் காதால் கேட்டவர். சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது, போதும் என்றேன்.

துப்புகளை எழுதும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அழகர் கோயில் ரோட்டில் கடச்சனேந்தல்: மாதரியின் வீட்டில் கண்ணகி தங்கிய இடம் என்று சொல்லி அங்கே கோயில் இருக்கிறது. பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல்: வெட்டுப்பட்ட இடமாம். 1980களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தவை முதுமக்கள் தாழிகள். கோவலனைவிட மூத்த பிணங்கள். அப்புறம் சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகி. திருமலை நாயக்கர் மகாலையும் சேர்த்தோம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டிடத்துக்கும் பாண்டியனுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், ஒலி-ஒளிக் காட்சியில் பல வருஷங்களாகச் சிலப்பதிகாரக் கதையைக் கேட்ட சுவர்கள் அவை. கடைசி இடம் வைகைக் கரை. ஆக ஐந்து.

இதில் ஒரு வேடிக்கை. இளங்கோவின்படி கோவலனும் கண்ணகியும் கவுந்தியும் மரப்புணையில் வைகையைக் கடந்து தென்கரை சேர்ந்த பிறகுதான் புறஞ்சேரியும் மாதரியும். கடச்சனேந்தலோ ஆற்றுக்கு வடக்கே. பையனின் கருவி பத்தடிப் பிசகைக்கூடப் பொறுக்காது. நம் ஜனங்களின் ஞாபகம் ஒரு ஆற்றையே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

பிரச்னை கடைசி டப்பாவில் வந்தது. உள்ளே ஒரு சிலம்பு வைக்கலாம் என்றான். முத்துப் பரலா, மாணிக்கப் பரலா என்று கேட்டேன். கண்ணகியினுடையது மாணிக்கம். அது அரசவையில் உடைந்து தெறித்துவிட்டது. தேட வேண்டியது அரசியின் முத்துச் சிலம்பு. "அது எங்க கிடைச்சுது மாமா?" என்றான்.

இருபது வருஷமாகச் சிலப்பதிகாரம் படிக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. களவுபோன சிலம்பு கிடைப்பதே இல்லை. வழக்குரை காதையில் அது தங்களிடம் இல்லை என்று நிரூபணமாகிறது. அதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்தது. அரசன் விழுந்தான், அரசி விழுந்தாள், ஊர் எரிந்தது. பொருளைக் கேட்க ஆளில்லை. பி.ஏ.யில் எட்கர் ஆலன் போவின் 'களவுபோன கடிதம்' எங்களுக்குப் பாடம். அதுவும் ஒரு ராணியிடமிருந்து திருடப்பட்டதுதான். கதை முடியும்போது அவள் கைக்குத் திரும்பிவிடுகிறது. துப்பறியும் கதை என்ற உருவமே அந்தத் திரும்பலில்தான் நிற்கிறது. இளங்கோவுக்கு அந்த அக்கறை இல்லை. அதில் ஒரு மேதைமை உண்டு என்று சொல்லவும் நான் தயார். ஆனால் பொருள் போன வழியைக் கேட்காதபோது திருடியவனையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

கொலைக்களக் காதையில் அந்தப் பொற்கொல்லன் வருகிற வரவைப் பாருங்கள். அரண்மனைச் சட்டை, கையில் குறடு, பின்னால் நூறு கொல்லர்கள். அவனுக்குப் பெயர் கிடையாது. காவலர்களுக்கு அவன் திருடர்களின் எட்டு வகை உபாயங்களை விரிவுரை செய்கிறான். அற்புதமான இடம். திருடனே திருட்டு சாஸ்திரம் பேசுகிறான். காவலரில் ஒருவனுக்கு, இந்த ஆள் கள்வனாகத் தெரியவில்லையே என்று தோன்றுவதைக்கூட இளங்கோ எழுதியிருக்கிறார். அத்தனை நுட்பம். பின்னால் வந்த நூறு பேரும் அந்த ஊர்வலத்தின் அலங்காரமாக நின்றுவிடுகிறார்கள்.

பிறகு வஞ்சிக் காண்டம். நீர்ப்படைக் காதையில் மாடலன் சேரனுக்குச் செய்தி சொல்கிறான்: கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான். உரைபெறு கட்டுரையிலும் இதே செய்தி. நாட்டில் மழையில்லை, நோய் பரவிற்று, ஆயிரவரைக் கொன்றான், மழை பெய்தது. எண்ணிக்கை கவியின் மிகை என்று தப்பித்துக்கொள்ளலாம். மிகையாகவே இருக்கட்டும். அந்த மிகை ஏன் யாரையும் உறுத்தவில்லை? கோவலன் ஒருவனின் விசாரணையற்ற சாவுக்கு ஒரு காண்டம் முழுக்க அழுத காவியம், ஆயிரம் விசாரணையற்ற சாவுகளைத் தூதுச் செய்தியாக ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. கேட்ட செங்குட்டுவனிடம் ஒரு சலனமும் இல்லை. அதே காதையில் மாடலனுக்கு அவன் தன் எடைக்கு எடை ஐம்பது துலாம் பொன் கொடுக்கிறான். அந்தப் பொன்னை நிறுத்துக் கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

1892இல் சாமிநாதையர் அச்சிட்ட நாளிலிருந்து நாம் இதில் ஊழைப் பேசினோம், கற்பைப் பேசினோம், அரசியல் அறம் பேசினோம், பிறகு தமிழ்த் தேசியம் பேசினோம். 1968இல் மெரினாவில் வைத்து, 2001இல் எடுத்து, 2006இல் மறுபடி வைத்த சிலைக்காகச் சண்டை போட்டோம். நவீன விமர்சனம் வந்து உருவம், அமைப்பு, படிமம் என்றது. நானும் அப்படி எழுதியவன்தான், இந்தப் பக்கங்களிலேயே. ஆயிரம் பேரை நானும் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கிளையில் என் மேஜைக்கு அடுத்தது நகை அப்ரைசருடையது. உரைகல், அமிலப் புட்டி, சின்னத் தராசு. ஐம்பதைத் தாண்டியவர், பரம்பரைத் தொழில். போலி நகை ஒன்று ஈட்டுக்கு வந்து பின்னால் அகப்பட்டால் முதல் பார்வை அவர்மேல்தான் விழும். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் திருடுவான் தட்டான் என்ற பழமொழியைச் சொல்லிச் சிரிக்காத மேனேஜரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவரும் கூடச் சிரிப்பார். ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், மகால் காட்சி பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க தம்பி. ஆசாரி வர்ற கட்டம் வந்ததும் பக்கத்துல இருந்த பய என்னைக் கிள்ளினான். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. லைட்டெல்லாம் நல்லாத்தான் போட்டாங்க." உரைகல்லைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த வளையலை எடுத்தார்.

அவரிடம் ஆயிரவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரியாமலிருந்தால் நான் சொல்லித் தெரிய வேண்டாம் என்று நினைத்தேனா, இல்லை சொல்லும் தைரியம் எனக்கில்லையா என்று இப்போது தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

பையனிடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு, அப்படியானால் ஆறாவதாக ஒரு இடம் சேர்க்கலாமே, கொற்கையில் வைக்கலாமே என்றான். கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிப்போன சிற்றூர். எங்கே வைப்பது? கோவலனுக்குப் பொட்டல் இருக்கிறது, மாதரிக்குக்கூட ஊரார் ஆற்றைத் தாண்டி ஒரு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஆயிரம் பேருக்கு ஒரு கல்லைக் காட்டுகிற வாய்மொழிக் கதைகூட என் காதில் விழுந்ததில்லை. டப்பாவில் எதை வைப்பது, எடுத்தவன் ஈடாக எதை வைத்துவிட்டு வருவது?

எண்களைப் பதியச் சொல்லித் தொலைபேசியை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை. ஐந்து இடங்களோடு ஆட்டத்தை நடத்தினோம். சித்தி பெண்கள்தான் ஜெயித்தார்கள். டப்பாவில் புதுமண்டபத்தில் வாங்கிய கண்ணாடி மணிகள் இருந்தன. சிவப்பு.