கோப்பாய்க் கிணறுகளும் ஆய்வாளரின் அமானிதமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க, எல்லாத்துக்கும் பெரும்பாலும் கிணறுதான். கோப்பாய் வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகைக்கு மேலே, செம்மண் தோட்டங்களோடு இருக்கும் ஊர். இந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மேலே இட்ட பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் பெரிதாக வடிபடாமலே கீழே இறங்கிவிடும். அதனால்தான் 1980களிலிருந்து நைத்திரேற்று ஆய்வுகள் இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை என்பது இன்று பழகிப்போன சேதி.

இந்த ஆய்வுகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அவை இல்லாவிட்டால் எங்கட கிணத்துக்குள் என்ன இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. ஆனால் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். கிணறுகளுக்கு இலக்கம் போடுவார்கள். மாரியிலும் கோடையிலும் மாதிரி எடுப்பார்கள். வரைபடத்தில் நிறம் பூசுவார்கள். கடைசிப் பந்தியில் ஒரு வசனம் வரும்: கமக்காரர் அளவுக்கு மீறிப் பசளை இடுகின்றனர், அவர்களுக்கு விழிப்புணர்வு தேவை.

அந்த வசனத்தில்தான் என் விமர்சனம். கமக்காரருக்குப் பசளையைப் பழக்கியது யார்? 1962இல், நெல்லை முதன்மையாக வைத்து, இந்நாட்டில் பசளை மானியம் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அரசும் வியாபாரியும் சேர்ந்து "போடு போடு" என்றார்கள். 2021இல் அதே அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் விழுந்தபின் அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டது. இரண்டு தடவையும் நட்டம் தோட்டக்காரருக்கு. குத்தகைக் காணியில் வெங்காயம் வைக்கிறவர் இந்தப் போகத்தின் கடனைப் பார்ப்பாரா, பத்து வருடத்துக்குப் பிந்திய நிலத்தடி நீரைப் பார்ப்பாரா? இதைக் கேட்காத ஆய்வு, தெரிந்தோ தெரியாமலோ, ஆகக் கீழே நிற்பவரின் தலையில் குற்றத்தை வைத்துவிடுகிறது.

மற்றது, முடிவு யார் கைக்குப் போகிறது என்பது. மாதிரி எடுக்க வந்தவரிடம் வீட்டுக்காரி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தம்பி, கொதிக்க வச்சாச் சரிதானே?" சரியில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது; தண்ணீர் ஆவியாகக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் பச்சிளங்குழந்தைக்கே ஆபத்து அதிகம். ஒரே ஒரு வசனம். அது சர்வதேச இதழில் ஆங்கிலத்தில் இருக்கிறது. கிணத்தடிக்கு வந்து சேரவில்லை.

சுற்றாடல் நீதி என்ற சொல் இங்கேதான் உதவுகிறது. 1982இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் கவுன்ரியில் நச்சு மண்ணைக் கொட்ட வந்தபோது எழுந்த போராட்டத்தோடு அது பரவியது. அதன் சாரத்தை மூன்று கேள்வியாகச் சொல்லலாம். தீங்கு யார் பங்குக்கு வருகிறது? முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்? யாருடைய இருப்பே கணக்கில் எடுக்கப்படவில்லை?

முதலிரண்டு கேள்வியின் கனத்தைக் கோப்பாயிலிருந்து சில மைல் தள்ளி, சுன்னாகத்தில் கண்டோம். அனல்மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் வந்தது. மக்கள் பௌசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையோ கடும் சர்ச்சைக்குள்ளானது. வாளியில் எண்ணெய் மிதப்பதைக் கண்டவருக்கு, நிபுணர்கள் தங்களுக்குள் முரண்பட்டது இரண்டாவது காயம். கடைசியில் ரவீந்திர காரியவசம் தொடர்ந்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்த்தது. அந்த வழக்கில் ஆய்வுகூட அறிக்கைகள் சாட்சியாக நின்றன. ஆகவே "நான் அளந்து சொல்பவன் மட்டும், நீதி என் வேலை இல்லை" என்று ஆய்வாளர் ஒதுங்க முடியாது. அவர் எழுதும் இலக்கம் ஏதோ ஒரு பக்கத்துக்குச் சாட்சி சொல்லத்தான் போகிறது.

மூன்றாவது கேள்வி எங்கட சமூகத்தைத் தொடுவது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் நீண்ட காலம் குடாநாட்டில் நடந்த வீட்டாய்வுகளில் சோனகத்தெருவின் குடும்பங்களில் பெரும்பாலானவை இருந்திருக்க வழியில்லை. போய்ச் சேர்ந்த புத்தளம் பக்கத்திலும், கற்பிட்டியின் மணற்படுகையில் அதே தீவிர மரக்கறிச் செய்கை, அதே நைத்திரேற்றுப் பிரச்சினை. இன்று ஒரு கால் யாழ்ப்பாணத்திலும் ஒரு கால் புத்தளத்திலுமாக இருப்பவர் எந்த மாதிரிப் பட்டியலில் விழுவார்? நெருக்கமான நகர்ப்புற வளவில், கிணற்றுக்குப் பக்கத்திலேயே குழி இருக்கும் வீட்டுக்காரர் எந்த வரைபடத்தில் வருவார்?

சுற்றாடல் என்றாலே எங்கட ஆட்களில் பலர் முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. வில்பத்து விவகாரத்தில், முசலிக்குத் திரும்பியவர்கள் காடழிப்பவர்களாகவே தென்னிலங்கை ஊடகங்களில் காட்டப்பட்டார்கள். காடு அழிந்ததா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். 1990க்கு முன் அங்கே யார் வாழ்ந்தார், அவர்கள் இல்லாத காலத்தில் நிலத்துக்கு என்ன நடந்தது என்பதையும் கூடவே கேட்காவிட்டால் அது அரை ஆய்வு. அதற்காகச் சுற்றாடல் பேச்சையே நாம் விட்டுவிடுவது எங்களுக்குத்தான் நட்டம்.

எங்கட மரபில் இதற்குச் சொல் பஞ்சமில்லை. பிக்ஹு நூல்களில் கிணற்றுக்கு 'ஹரீம்' என்று ஒரு காப்பெல்லை உண்டு. அதற்குள் வேறொருவர் வந்து அந்தத் தண்ணீருக்குக் கேடு செய்யக்கூடாது. தண்ணீர் மக்கள் பங்காளிகளாக உள்ள பொருள் என்பது ஹதீஸின் போதனை. விலைகொடுத்துத் தண்ணீர் வாங்க நேர்ந்த மதீனாவில் உஸ்மான் (ரழி) ரூமா கிணற்றை வாங்கிப் பொதுவாக்கியதை ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். அந்தச் சம்பவத்தைத் தர்மத்தின் சிறப்பாக மட்டும் சொல்லி முடிக்கிறோம். தண்ணீர் ஏன் ஒருவர் கையில் இருந்தது என்று கேட்பதில்லை.

ஆகவே இச்சஞ்சிகைக்கு எழுதும் இளம் ஆய்வாளரிடம் என் கோரிக்கை சிறியது. மண், நீர், கடல், குப்பை எதைப் பற்றி எழுதினாலும் ஒரு பக்கம் கூட்டுங்கள். யாருடைய கிணற்றில் எடுத்தீர்கள், யாருடையதை எடுக்கவில்லை, ஏன்? உங்கள் முடிவால் யாருக்குச் செலவு, யாருக்கு இலாபம்? பண உதவி யார் தந்தது? முடிவை வீட்டுக்காரருக்கு எந்த மொழியில், எப்போது சொன்னீர்கள்? கிணற்றுக்காரர் தந்த ஒரு போத்தல் தண்ணீர் அமானிதம். அதன் பெறுபேறு முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும். பிறகு கட்டுரையாகட்டும்.