கோலாலம்பூர் கல்லறைகளை எப்படிப் பார்ப்பது?

மயானத்துக்கு யாராவது ரசிக்கப் போவார்களா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இந்த ஊரைக் கட்டியவர்களும் கலக்கியவர்களும் படுத்திருக்கும் இடம் அது. அருங்காட்சியகத்தில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று முன்கூட்டியே எழுதி மாட்டியிருப்பார்கள். இங்கே அந்த வேலை நமக்கு.

பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தொடங்கலாம். கொஞ்ச தூரத்தில், பழைய அரண்மனைப் பக்கத்துக் குன்றுகளில் குவாங் தோங் சீன மயானம் இருக்கிறது. சீனர்களின் தலைவராக இருந்த கப்பித்தான் யாப் ஆ லோய் இங்கேதான் இருக்கிறார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் அழிந்த கோலாலம்பூரைத் தூக்கி நிறுத்தியவர் அவர். 1881 தீவிபத்துக்குப் பிறகு ஊர் செங்கல்லுக்கு மாறியது. சூளைகள் இருந்த இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். அதே மனிதருக்குச் சூதாட்டத்திலும் அபினிலும் விலைமாதர் விடுதிகளிலும் வருமானம் வந்தது. ஹாய் சான் ரகசியச் சங்கத்தின் தலையும் அவரே. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சமாதி முன் நில்லுங்கள்.

சீனச் சமாதியில் முதலில் வடிவத்தைப் பாருங்கள். குன்றில் முதுகைச் சாய்த்து, இரு புறமும் கைகளை வளைத்துவைத்த நாற்காலி மாதிரி இருக்கும். நடுக்கல்லில் இறந்தவர் பெயர். பக்க வரிகளில் சொந்த ஊரும், கல் நட்ட பிள்ளைகளின் பெயர்களும். ஓரத்தில் மண் தெய்வத்துக்கு ஒரு குட்டிப் பீடம். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோரை வணங்கும் செங் பெங் வரும். புல் வெட்டி, எழுத்துக்குப் புதுச் சாயம் பூசி, மேட்டில் வண்ணத் தாள் வைப்பார்கள். அந்தக் கூட்டம் ஓய்ந்த அடுத்த வாரம் போவது நல்லது. எந்தச் சமாதிக்கு இன்னும் ஆள் வருகிறது, எது நாதியற்றுப் போனது என்று சாயமே காட்டிக்கொடுத்துவிடும்.

அம்பாங் சாலை முஸ்லிம் மயானத்தில் மலாய் நடிகர் பி. ரம்லி அடக்கமாகியிருக்கிறார், அவருடைய மனைவி, பாடகி சலோமாவும் அங்கேதான். ரம்லியை 1950-இல் 'பக்தி' படத்தில் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன் நம் தமிழர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரம்லி 1973-இல் இறந்தபோது வயது 44. கையில் காசும் இல்லை, படவாய்ப்பும் இல்லை. ஊர் கொண்டாட்டமெல்லாம் பிறகு வந்தது. மலாய்க் கல்லறைகளில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் நீசான் கற்களைக் கவனியுங்கள்: உருண்டையானது ஆணுக்கு, தட்டையானது பெண்ணுக்கு என்பது வழக்கம்.

எனக்கு அதிக நேரம் பிடிப்பது செராஸ் சாலை கிறிஸ்துவ மயானம்தான். பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி அங்கே இருக்கிறார். 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆங்கிலேயருக்கு அவர் தியாகி. அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1949 மே 4 அன்று, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. ஆங்கிலேய அரசுக்குக் கணபதி பயங்கரவாதி, தோட்டத் தொழிலாளிக்குத் தலைவர். புடு சிறையை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பேரங்காடி. கர்னியின் கல்லைப் பார்த்த கையோடு அங்கேயும் போய்விட்டு வாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதிக் கதைதான்.

நம்மவர்களில் பெரும்பாலோரை எரித்துவிடுகிறோம். கல் தேடிப் பயனில்லை. ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தனைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் தெருப்பலகையைத்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

கிள்ளானுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சுல்தான் சுலைமான் பள்ளிவாசலை ஒட்டி அரச சமாதிகள். சுல்தான் சுலைமானின் பிள்ளைகளில் அண்ணன் மூசாவைப் பட்டத்து வரிசையிலிருந்து விலக்கிவிட்டு, தம்பி ஹிசாமுடினை ஆங்கிலேயர் சுல்தானாக்கினார்கள். ஜப்பானியர் வந்ததும் மூசாவை அரியணையில் அமர்த்தினார்கள். 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து அவரைக் கோகோஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். நோயாளியாகத் திரும்பியவர் 1955-இல் கிள்ளானில் இறந்தார். தம்பி இருக்கும் அதே அரச மயானத்தில்தான் அவரும் இருக்கிறார். பள்ளிவாசலில் அனுமதி கேட்டு, தோளும் முழங்காலும் மூடிய உடையில், தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். எங்கே போனாலும் மண்மேட்டை மிதிக்காதீர்கள். மழைக்காலமானால் பழைய செருப்பும் கொசு மருந்தும் அவசியம்.